உலு மலைக்காரி

ஊர்க்கூடத்தின் தொட்டியில் தன் தண்ணீர் லாரியின் குழாயைச் சொருகிவிட்டு, தண்ணீர் நிரம்புவதற்குள் ஒரு டீ குடிக்கலாம் என்று உள்ளே போனாள் நிவியாக். போன இடத்தில் தன்னைப் பொய்க்காரி என்று அரசாங்க முத்திரை குத்தி அறிவிப்பதைக் கேட்க வேண்டியதாகிவிட்டது.

"ஆறாவது பெயர்," என்று வாசித்தார் வரைபட அலுவலர் டெஸ்மண்ட். "உலூயாக். உலுவைப் போன்றது என்று பொருள். ஆப்பிள்பீ மலைத்தொடரில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. ஹெலிகாப்டரில் போய் இரண்டு முறை தேடினோம். அப்படி ஒரு சிகரம் அங்கே இல்லை. எனவே புதிய வரைபடப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது."

கூடம் கொல்லென்று சிரித்தது. உலு என்றால் பெண்கள் தோல் சீவவும் கறி அறுக்கவும் வைத்திருக்கும், நடுவில் தண்டுக் கைப்பிடி வைத்த பிறை வடிவக் கத்தி. வட துருவத்தை ஒட்டிய அந்த ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. ஆனால் உலு மாதிரி ஒரு மலை இருப்பதாகச் சொன்னவள் ஒரே ஒருத்தி. அவள் பெயரும் நிவியாக்தான். இந்த நிவியாக் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் செத்துப்போனவள்.

செத்தவர் பெயர் ஒரு குழந்தைக்குப் போனால் அந்த ஊரில் ஆளே போன மாதிரி. பழைய நிவியாக்கின் மகன் நுத்தரக்குக்கு இப்போது அறுபத்துநாலு வயது. தண்ணீர் லாரி ஓட்டும் முப்பத்துநாலு வயது நிவியாக்கை அவர் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அவளும் நடக்கப் பழகிய நாளிலிருந்தே அவரை "மகனே" என்றும், கோபம் வந்தால் "டேய்" என்றும் கூப்பிட்டுப் பழகியவள். அவர் முதல் சீல் விலங்கை வேட்டையாடியபோது அம்மாவுக்குக் கொடுத்த மாதிரியே, இன்றும் நல்ல கறித்துண்டு இவளுக்குத்தான் வரும். அப்படிப் பெயரோடு அன்பு வரும், மரியாதை வரும். கெட்ட பெயரும் கூடவே வந்துவிடும், அதை மட்டும் கழற்றி வைக்க முடியாது.

அந்தக் கெட்ட பெயர் சாதாரணமானதா? யாராவது பெரிய மீன் பிடித்ததாக அளந்துவிட்டால், "உலு மலைக்குப் பக்கத்துலயா?" என்று கேட்பார்கள். நிவியாக் லாரியைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் நிறுத்தினால், "உலு மலைக்காரி வந்துட்டா. லாரியில நெசமாவே தண்ணி இருக்கா, இல்ல அதுவும் கதையா?" என்று ஜன்னலைத் திறந்து கேட்பான் லூக்காசி. ஊரிலேயே பெரிய வேட்டைக்காரன் அவன். அந்த மலைத்தொடர்ப் பக்கம் ஒன்பது தடவை போய் வந்தவன் என்பதால் அவன் பேச்சு எடுபட்டது.

இன்றைக்கும் அவன்தான் ஆரம்பித்தான். "நீக்குங்க டெஸ்மண்ட், தாராளமா நீக்குங்க. அறுபது வருசமா அந்தப் பொய்ய நாங்க சுமந்தது போதும்."

நிவியாக் டீக் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் பாதி சிந்திவிட்டது.

"அதைத் தொடாதீங்க!"

"தொடக் கூடாதா?" என்றார் டெஸ்மண்ட். பதினோரு வருடமாக வடக்கில் ஊர் ஊராகப் போய்ப் பெயர் சேகரிக்கிறவர். அவர்கள் மொழியைப் புத்தகம் வாசிப்பதுபோல் பேசுவார். நல்ல மனிதர், விதி என்றால் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். "வெள்ளிக்கிழமை நண்பகலில் வரைபடத்தில் கையெழுத்து. இரண்டு மணிக்கு என் விமானம். இடம் தெரியாத பெயரை நான் எங்கே எழுதுவேன்? இடம் தெரியும் வரை அங்கே ஆப்பிள்பீ என்றுதான் இருக்கும்."

"யாரு அந்த ஆப்பிள்பீ? எங்கிருந்து வந்தான்?"

டெஸ்மண்ட் நேர்மையானவர், மழுப்பவில்லை. "வரவே இல்லை. அவர் பிஸ்கோத்து வியாபாரி. ஒரு கப்பல் தலைவனுக்கு நாற்பது பெட்டி பிஸ்கோத்து இலவசமாகக் கொடுத்தார். தலைவன் மூடுபனியில் தூரத்தில் மலைகளைப் பார்த்து, நன்றிக்கு அவர் பெயரை வைத்துவிட்டான். பக்கத்துச் சிகரங்களுக்கு அவர் மனைவி, மூன்று பெண்கள், மாமியார்."

"பிஸ்கோத்து குடுத்தவனோட மாமியாருக்கு ஒரு மலை, அங்கயே பொறந்து வாழ்ந்த எனக்கு ஒண்ணு கிடையாதா?" நிவியாக் 'எனக்கு' என்றுதான் சொன்னாள், அங்கே யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. "வெள்ளிக்கிழமை நடுப்பகலுக்குள்ள அந்த மலை எங்க இருக்குன்னு கொண்டாந்து வைக்கிறேன். இன்னைக்கு புதன்தானே!"

"எடுத்துட்டு வர்றப்போ பாத்து, கைய அறுத்துக்காத," என்றான் லூக்காசி.

தொட்டி நிரம்பி வழிந்து வாசலெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயைப் பிடுங்கி லாரியில் எறிந்துவிட்டு, சாவியை வாசலில் நின்ற தன் தம்பியிடம் தூக்கிப் போட்டாள்.

நுத்தரக் வீட்டு வாசலில் பனிவண்டியின் இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"டேய், அதை மாட்டு. கிளம்பணும்."

"எங்கம்மா?"

"நீ பொறந்த எடத்துக்கு."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வேண்டாம்மா. லூக்காசியே ஒம்போது வாட்டி போயி பாத்துட்டான். நானும் நாலு வாட்டி பாத்துட்டேன். அங்க ஒண்ணும் இல்ல. எனக்கு இடுப்பு வேற வலிக்குது."

"பெத்தவ கூப்பிட்டா இடுப்பு வலிக்குமா உனக்கு? மருமக கூப்பிட்டா மட்டும் ஓடுற?"

உள்ளே இருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. நுத்தரக் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இன்ஜினை மாட்டினார்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பனிவண்டிகளும் ஊரை விட்டுப் பறந்தன. அவர் வண்டிக்குப் பின்னால் கமுத்திக், அதாவது நீளமான பலகைச் சறுக்கு. அதில் பெட்ரோல், கூடாரம், பானக் என்கிற தட்டை ரொட்டி, உறைந்த மீன். மே மாதக் கடைசி, சூரியன் அஸ்தமிக்கிற பேச்சே கிடையாது. பழைய முகாம் இருந்த, மலைகளுக்கு நடுவே நீளும் உறைந்த உள்கடலுக்கு எல்லோரும் போகிற வழி ஒன்றுதான்: மலைக்கணவாயில் ஏறி, உறைந்த ஆற்றின் மேலேயே இறங்கி, உள்கடலின் கடைசி மூலையில் போய்ச் சேர வேண்டும். சுருக்கு வழி. முகத்துவாரம் வழியாகப் போனால் இரண்டு மடங்கு தூரம்.

வியாழன் காலையில் அவர்கள் பழைய முகாமில் நின்றார்கள். அறுபது வருடத்துக்கு முன் ஊருக்குக் கொண்டுபோகப்படும் வரை நுத்தரக்கின் குடும்பம் இருந்த இடம். சுற்றிலும் மலைகள் நெருக்கியடித்து நின்றன. நிவியாக் வண்டியை விட்டு இறங்கிச் சுற்றிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து கேலி கேட்டுக் கேட்டுக் காது புளித்த இடம், முதல் முறையாகக் கண் முன்னால் இருந்தது. இங்கேதான் எங்கோ இருக்கிறது, இருந்தே ஆக வேண்டும்.

டெஸ்மண்டிடம் வாங்கி வந்திருந்த வரைபடப் பிரதியை விரித்தார்கள்.

"இது ஆப்பிள்பீ. இது பொண்டாட்டி. இந்த மூணும் மகளுங்க," என்றார் நுத்தரக். "பெரியவ நல்லா குண்டா இருக்கா."

"பிஸ்கோத்துக்காரன் வீட்டுல பொறந்தா பின்ன எப்படிடா இருப்பா? மாமியார் எங்க?"

"தனியா அந்தாண்ட நிக்கிறா பாரு. மருமவனோட பேச்சு வார்த்த இல்ல போல."

முதல் நான்கு மணி நேரம் அப்படிச் சிரிப்பும் பேச்சுமாகப் போனது. உறைந்த கடல் மேல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடினார்கள். ஒவ்வொரு சிகரத்தையும் நேராகப் பார்த்தார்கள், பக்கவாட்டில் பார்த்தார்கள், தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். நிவியாக் குனிந்து கால்களுக்கு நடுவே தலைகீழாகக்கூடப் பார்த்தாள். ஒன்று பல் மாதிரி இருந்தது. ஒன்று கவிழ்த்த கெட்டில் மாதிரி இருந்தது. உலு மாதிரி எதுவும் இல்லை.

அதன் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"ஞாபகப்படுத்திப் பாருடா. நீ இங்க நாலு வயசு வரைக்கும் இருந்தவன். உன்கிட்ட கை நீட்டிக் காட்டியிருப்பேன்ல?"

"ஞாபகம் இல்லம்மா."

"கொஞ்சங்கூடவா?"

"இல்லன்னா இல்ல! எத்தன வாட்டி கேப்ப?" என்று கத்திவிட்டார். பிறகு சறுக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, கையுறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்பயும் இதையேதான் கேட்டாங்க. எனக்குப் பன்னெண்டு வயசு. கடையில எல்லாரும் நிக்கிறாங்க. லூக்காசியோட அப்பன் கேட்டான், 'நீ அங்கேயே பொறந்தவன்தானே, உங்கம்மா சொல்ற மலைய நீ பாத்திருக்கியா?'ன்னு. நான் இல்லன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன். எங்கம்மா பக்கத்துல நிக்கிறா. ஒண்ணும் சொல்லல. சீனி வாங்கிட்டு வீட்டுக்கு வந்தா. அன்னையிலேர்ந்து அந்த மலையப் பத்திப் பேசவே இல்ல."

 அந்தக் கடையில் நின்றவள் தானில்லை என்று நிவியாக்குக்குத் தெரியும். ஆனாலும் மகனைத் திட்டவும் தோன்றியது, மடியில் போட்டுக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் முடியாமல் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

கஷ்டம் வந்தால் தனியாகவா வரும்? மதியம் சூடான காற்று ஒன்று கிளம்பியது. நிவியாக்கின் பனிவண்டி இரண்டு தடவை இருமி, கறுப்புப் புகை கக்கி, நின்றேவிட்டது. பிஸ்டன் போய்விட்டது என்று அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. சரி, ஒரே வண்டியில் திரும்பலாம் என்று கணவாயின் பக்கம் போனால், ஆறு உடைத்துக்கொண்டு பனிக்கட்டிக்கு மேலேயே ஓடி வருகிறது. காலையில் வந்த தடம் முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் போய்விட்டது.

"இனி கடல் வழிதான்," என்றார் நுத்தரக். "ரெண்டு பங்கு தூரம். இப்பவே விட்டாத்தான் வெள்ளிக்கிழமை போய்ச் சேருவோம். மலை போனாப் போகுதும்மா."

"போனாப் போகுதா?"

"பின்ன என்ன பண்ணச் சொல்ற?"

அவள் கெட்டுப்போன வண்டியைப் பாறையில் கட்டிப் போட்டுவிட்டு, சறுக்கில் மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தாள். வண்டியில் ஒருவருக்குத்தான் இடம், அதில் அவர்.

கிளம்பிய ஐந்தாவது நிமிடம் அவள் முகமெல்லாம் ஈரப்பனி. முன்னால் போகும் வண்டியின் பட்டை வாரி இறைத்தது ஒரு பக்கம், கடலிலிருந்து வந்த எதிர்க்காற்று ஒரு பக்கம். திட்டிக்கொண்டே அவள் திரும்பி, பயணத் திசைக்கு முதுகைக் காட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சறுக்கில் போகிற எந்தப் பெண்ணும் அப்படித்தான் உட்காருவாள். நாய்கள் இழுத்த காலத்திலும் ஆண் முன்னால் பார்த்து ஓட்டுவான், பெண் காற்றுக்கு முதுகைக் கொடுத்துப் பிள்ளையை அணைத்துக்கொண்டு உட்காருவாள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆப்பிள்பீ குடும்பம் மெல்ல மெல்லப் பின்னால் போனது. அவள் அவர்களைப் பார்த்தபடி மனதுக்குள் ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டு வந்தாள். நாளைக்குக் கூடத்தில் லூக்காசியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் அந்த ஊரில் இன்னும் நாற்பது வருடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

முகத்துவாரம் நெருங்கும்போது மலைகள் நகர ஆரம்பித்தன. வண்டி போகப் போக மாமியார் இடது பக்கமாக வந்து ஆப்பிள்பீயின் முன்னால் சாய்ந்தாள். வலது பக்கம் குண்டுப் பெண்ணின் கறுப்புப் பாறை உள்ளே நகர்ந்தது. இரண்டு கறுப்புச் சுவர்களுக்கும் நடுவே, ஒரு பனிச்சரிவு ஒடுங்கி ஒடுங்கி ஒரு வெள்ளைத் தண்டானது. அந்தத் தண்டின் தலையில், முகாமிலிருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு பெரிய பனிக் குவிமாடம், எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து மேலே எழுந்து வந்தது. பிறை போல வளைந்து, வானத்தில் கூர் தீட்டி வைத்த மாதிரி.

தண்டு. கைப்பிடி. மேலே பளபளவென்று பிறை.

"டேய்!"

இன்ஜின் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்?

"டேய்! நிறுத்துடா! நுத்தரக்!"

கேட்கவில்லை. கையில் அகப்பட்டதை எடுத்து முழு பலத்தோடு அவர் முதுகில் எறிந்தாள். அது முழங்கை நீள உறைந்த மீன். அவர் தோள்பட்டையில் பட்டு எகிறி விழுந்தது. வண்டி சறுக்கி நின்றது.

"பைத்தியமா உனக்கு? மீனத் தூக்கி எறியிற!"

"பின்னாடி பாருடா!"

அவர் பார்த்தார். "என்ன பாக்கச் சொல்ற?"

அவளும் பார்த்தாள். ஒன்றுமில்லை. வண்டி நிற்பதற்குள் இருநூறு அடி ஓடிவிட்டிருந்தது. வெள்ளைத் தண்டு மறைந்து, இரண்டு பாறைகளும் ஒட்டிக்கொண்டு, பிறையின் பாதியை விழுங்கிவிட்டன. பழையபடி பிஸ்கோத்துக் குடும்பம் அங்கே நின்றது.

"இருந்துச்சுடா! சத்தியமா இருந்துச்சு! ஒரு மலை இல்ல, மூணு மலை சேந்து! ஒரே எடத்துலேர்ந்துதான் தெரியும்!" அவள் சறுக்கிலிருந்து குதித்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நாம எல்லாரும் உள்ளேர்ந்து தேடினோம். கணவாய் வழியா வந்து கணவாய் வழியாவே போறவன் எவனுக்கும் இது தெரியாது. அந்தக் காலத்துல ஆறு ஒடஞ்ச பிறகுதானே முகாமை விட்டு வெளிய வருவோம்? இதே வழி, இதே மாசம். ஆம்பளைங்க எல்லாம் கடலப் பாத்து ஓட்டிட்டு வருவீங்க. நான் திரும்பி உக்காந்திருந்தேன்!"

நுத்தரக் கேட்டார். "அப்ப ஆகஸ்டுல படகுல வர்றவங்க?"

"ஆகஸ்டுல அந்தச் சரிவுல பனி ஏது? தண்டு இருக்காது. எறங்கு. வண்டிய விட்டு எறங்கு."

"எதுக்கு?"

"சறுக்குல உக்காரு. திரும்பி உக்காரு. நான் ஓட்டுறேன்."

"ஊருல யாராவது பாத்தா..."

"பெத்தவ சொல்றேன், உக்காருடா!"

அறுபத்துநாலு வயது மனிதர், சறுக்கில் கூடாரத் துணி மேல், முதுகைக் காட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நிவியாக் வண்டியை வளைத்து அரை மைல் உள்ளே கொண்டுபோய், மறுபடி கடலைப் பார்த்துத் திருப்பினாள். ஓட்டுகிறவள் திரும்பிப் பார்க்க முடியாது, எதிரே பனிக்கட்டியில் விரிசல்கள் இருந்தன. தன் பழைய தடத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக விட்டாள். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. காதைப் பின்னால் வைத்துக்கொண்டு, கண்ணைக் கடலில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். அந்த இடம் தாண்டிவிட்டது என்றே அவளுக்குத் தோன்றியது. ஒருவேளை தூக்கக் கலக்கத்தில் நாமே கற்பனை பண்ணிக்கொண்டோமா என்று வேகத்தை இன்னும் குறைத்தாள்.

"அம்மா!"

இன்ஜினையும் மீறி அந்தக் குரல் கேட்டது. அவள் சட்டென்று நிறுத்தினாள். நுத்தரக் சறுக்கின் மேல் எழுந்து நின்றுகொண்டிருந்தார், தொப்பி கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல்.

"அம்மா, கைப்பிடி கீழ இருக்கு! கூரு மேல இருக்கு! அம்மா!"

"தெரியும்டா. நாந்தானே சொன்னேன்."

அவர் விசும்பி விசும்பி அழுதார். சிரிக்கவும் செய்தார். கடையில் சிரித்ததைப் பற்றி என்னவோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல் மூக்கைச் சிந்தினார். அவள் அக்குளில் வெதுவெதுப்பாக வைத்திருந்த கைபேசியை எடுத்து மூன்று படம் எடுத்தாள், நான்காவது எடுப்பதற்குள் அது குளிரில் உயிரை விட்டுவிட்டது. ஜி.பி.எஸ். கருவியில் இடத்தைப் பதிந்துகொண்டார்கள். பிறகு வண்டியை விட்டார்கள் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம்! முகத்துவாரத்தில் எட்டடி அகலத்துக்குப் பனிக்கட்டி பிளந்து கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. சுற்றிப் போக நேரமில்லை. "பிடிச்சுக்கம்மா!" என்று கத்திவிட்டு நுத்தரக் முழு வேகத்தில் வண்டியை அதன் மேல் பாய்ச்சினார். சறுக்கின் வால் தண்ணீரைத் தொட்டு எழுந்தது. நிவியாக் நனைந்த பூட்ஸை உதறிக்கொண்டு ஊளையிட்டாள். இடுப்பு வலி என்று சொன்ன மனிதர் அன்றைக்கும் மறுநாள் காலைக்கும் சேர்த்து ஒரு முறைகூட இடுப்பைப் பற்றிப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். டெஸ்மண்ட் பேனாவைத் திறந்திருந்தார். கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு இருவரும் பனியும் தண்ணீருமாக உள்ளே வந்தார்கள்.

"கொண்டாந்துட்டியா? எங்க, பைக்குள்ளயா?" என்றான் லூக்காசி.

நிவியாக் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைபேசியை மின்சாரத்தில் சொருகி, படத்தை டெஸ்மண்டிடம் கொடுத்தாள். அவர் அதைச் சுவரில் பெரிதாகப் போட்டார். கூடத்தில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். பிறகு ஒரு பெண் கையைத் தட்டினாள்.

"இது எந்தச் சிகரம்?" டெஸ்மண்ட் வரைபடத்தை முன்னால் இழுத்தார். "புள்ளியை எங்கே வைக்கட்டும்?"

அவள் வரைபடத்தில் விரலை வைத்தாள்.

"இது கடல் ஆயிற்றே!"

"கடல்தான். அங்கேர்ந்து பாத்தாத்தான் அது மலை. வெளிய வர்றப்போ, சறுக்குல திரும்பி உக்காந்து பாக்கணும்."

"படத்தச் சாய்ச்சு எடுத்திருப்பா," என்று லூக்காசி சொல்லிப் பார்த்தான். "திரும்பி உக்காந்து எவன் மலை பாப்பான்?"

"எவனும் பாக்க மாட்டான். நாங்க பாப்போம்!" மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்தவள் மியாலி, லூக்காசியின் சொந்த அம்மா. "உன்ன ஏழு வருசம் மடியில போட்டுக்கிட்டு நான் எப்படிடா உக்காந்திருந்தேன்? உங்கப்பன் முதுகையா பாத்துட்டு வந்தேன்?" அவள் டெஸ்மண்டின் பக்கம் திரும்பினாள். "அந்த நீக்கப் பட்டியல்ல வேற என்ன இருக்கு? வாசி."

டெஸ்மண்ட் வாசித்தார். "கெண்டைக்கால். இடம் தெரியவில்லை."

"ஏன் தெரியல? தெற்குத் தீவ விட்டு வெளிய வர்றப்போ பின்னாடி இருக்கு!" என்றாள் இன்னொருத்தி.

"இரட்டைக் கைக்குழந்தைகள்..."

"அதுவும் பின்னாடிதான்! எங்க அத்த காட்டியிருக்கா!"

"நீங்கள் ஏன் இதை முன்பே சொல்லவில்லை?" டெஸ்மண்ட் ஏறக்குறைய அழுகிற குரலில் கேட்டார்.

"நீ வேட்டைக்காரங்க வீட்டுக்குத்தானே போன? எங்ககிட்ட டீ மட்டும்தான் வாங்கிக் குடிச்ச!"

அதற்கப்புறம் ஒரே அமளி. பெண்கள் நாற்காலியை விட்டு எழுந்து மேசையைச் சூழ்ந்தார்கள். ஒருத்தி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தாள், இன்னொருத்தி பென்சிலைப் பிடுங்கினாள். ஆண்கள் சுவரோரமாக ஒதுங்கி, தங்கள் வாழ்நாளெல்லாம் ஓட்டிப் போன பாதைகளில் இத்தனை மலைகள் இருந்தனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லூக்காசி தலையைச் சொறிந்தான். பிறகு மெதுவாக முன்னால் வந்து, அம்மா காட்டிய இடத்தில் புள்ளி சரியாக விழுகிறதா என்று குனிந்து பார்த்தான். ஓடுதளத்திலிருந்து விமானி ஆள் அனுப்பிக் கேட்டபோது, இன்று வரவில்லை என்று சொல்லச் சொல்லிவிட்டு, டெஸ்மண்ட் தன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

"முதலில் இந்த ஆறாம் எண்ணை முடித்துவிடுவோம்," என்றார். ஆப்பிள்பீயின் மேல் கோடு போட்டார். புதிய படிவத்தை எடுத்தார். "உலூயாக். பார்க்கும் இடம், எழுதிவிட்டேன். மாதம், மே. திசை, பின்னால். பெயரைச் சொன்னவர் யார்?"

"நிவியாக்," என்றார் நுத்தரக், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "எங்கம்மா."

டெஸ்மண்ட் எழுதினார். அதற்குக் கீழே, சொன்னவர் கையெழுத்துக்கான கோட்டில் பேனா நின்றது. பதினோரு வருடமாக, சொன்னவர் இறந்திருந்தால் அந்தக் கோட்டை அவர் வெறுமையாக விட்டுவிடுவது வழக்கம். இன்று அவர் நிமிர்ந்து, எதிரே ஈர பூட்ஸோடு நின்றவளைப் பார்த்தார். பிறகு படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

"இங்கே கையெழுத்துப் போடுங்கள்."

தண்ணீர் ரசீதுகளில் தினம் முப்பது தடவை போடுகிற கையெழுத்துதான். நிவியாக் பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாகப் போட்டாள்.